மூன்று மணி நேரம் கூடுதல் ஓய்வு

குறைந்தபட்சக் கூலியை உயர்த்துவதா வேண்டாமா என்று ஜூலை முழுக்கத் தொலைக்காட்சியில் சண்டை போட்டு, கடைசியில் உயர்த்தினார்கள். அக்டோபரில் அந்தச் சண்டை தென்கொரியாவின் சொங்ஜு நகரத்தில் ஓர் அடுக்குமாடிக்கு வந்து சேர்ந்தது. காவலாளியின் கூலி ஏறினால் பராமரிப்புக் கட்டணமும் ஏறும். ஆளை வைத்துக்கொள்வதா, நிறுத்திவிட்டுக் கேமரா மாட்டுவதா? வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்குவது காவலாளியின் வேலை. ஆகவே காவலாளி மேங் கிசுன் தானே அந்தத் தாளைத் தூக்கிக்கொண்டு படியேறினார்.

அறுபத்தாறு வயது. நூல் ஆலையில் முப்பது வருடம் தேய்ந்தவர். மனைவி போய் நாலு வருடமாகிறது. புசானிலிருக்கும் மகள் பணம் அனுப்புவாள், பேசத்தான் நேரமில்லை. சோற்றுக்குக் குறைவில்லை. ஆனால் விடுப்பு நாளில் விடிந்ததிலிருந்து படுக்கும்வரை ஒரு வார்த்தை பேசாமலே போய்விடும். வேலை நாளில் அப்படியில்லை. பார்சல் வாங்க யாராவது வருவார்கள். வியாழக்கிழமை குப்பை பிரிக்கையில், புட்டியைக் கழுவாமல் போட்டவர்களோடு மல்லுக்கு நிற்கலாம். அது போய்விடுமே என்பதுதான் அவர் பயம்.

எழுநூற்று நாலாம் எண் வீட்டில் ஓக் மிரான் கதவைத் திறந்தாள். தெருமுனையில் இருபத்துநாலு மணி நேரக் கடை நடத்துகிறவள்.

"இதுல நான் எங்கய்யா போடறது? கூலி ஏறுதுன்னு கடையில இருந்த ஆளை நிறுத்திட்டு, நானே பதினாலு மணி நேரம் நிக்கறேன். காலப் பாருங்க, பூசணிக்கா!"

"உங்க காலப் பாக்கவா வந்தேன், எழுநூத்தி நாலம்மா? பேனாவப் பிடிங்க."

"வேணாம்னு போட்டா எனக்குத் தூக்கம் வராது. வேணும்னு போட்டா எங்க வீட்டுக்காரருக்கு வராது. நீங்களே சொல்லுங்களேன்."

"நான் சொல்லக் கூடாதும்மா. சங்கத் தலைவர் தோலை உரிச்சிடுவாரு."

அவள் எங்கேயும் குறி போடவில்லை. "கூட்டத்துல நான் பேசிக்கறேன், போங்க" என்றாள்.

குடியிருப்போர் கூட்டத்தில் பேசவும் செய்தாள். "ஆளையும் அனுப்ப வேணாம், கட்டணத்தையும் ஏத்த வேணாம். மத்தியான ஓய்வு ஒரு மணி நேரந்தானே? நாலாக்கிடுவோம். ஓய்வுக்குத்தான் கூலி கிடையாதே. வயசானவரு, கொஞ்சம் கண்ணசரட்டும்."

எல்லாரும் கை தட்டினார்கள். கிசுன் இடுப்பு வளைய வணங்கினார். வேலை தப்பியது.

ஜனவரி முதல் வேலை நாளில், குடியிருப்போர் சங்கத் தலைவர் 'ஓய்வு நேரம்' என்ற அட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார். "பன்னெண்டுலேருந்து நாலு வரைக்கும் யாரோடயும் பேசிட்டு நிக்காதீங்க, பெரியவரே. அப்புறம் அது வேலைக் கணக்குல வந்துடும், வழக்கு ஆயிடும்."

வீட்டுக்குப் போய்வரலாமென்றால் பேருந்தில் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம்; போனாலும் அங்கே பேச யாருமில்லை. அட்டையைத் தொங்கவிட்டு, திரையை இழுத்துவிட்டு, காவலறையில் உட்கார்ந்தார். சற்று நேரத்தில் வெளியே காலடிச் சத்தம்.

"ஐயாட்ட காட்டிட்டு வரேம்மா, என் புது ஷூவ!"

"உஸ்ஸ்! தூங்குவாருடி. பாவம், இப்பத்தான் நிம்மதியா இருக்காரு."

மிரானும் அவள் மகளும். கிசுன் எழுந்துவிட்டார். கை கதவுப் பிடிவரை போய் நின்றது. வெளியே ஏதோ பையைப் பிடியில் மாட்டும் சத்தம். பிறகு இருவரும் அடிமேல் அடி வைத்துப் போனார்கள்.

பையில் அவித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு சூடாக இருந்தது. மணி பன்னிரண்டே கால்.