கறுப்புக் கரை உறை

கரையான்சாவடியில் குடியிருந்துகொண்டு பட்டணத்துப் பாங்கிகளுக்கெல்லாம் குமாஸ்தா வேலைக்கு மனுப் போட்டேன். வரும் பதில்களைச் சுவரில் தொங்கிய கம்பியில் குத்திவைப்பேன். முதலாளி இறந்த துக்கத்தில் ஒரு பாங்கி, பேட்டி அழைப்பைக் கறுப்புக் கரை போட்ட உறையில் அனுப்பியது. எழுதப் படிக்கத் தெரியாத என் மனைவி அதைச் சாவுக் கடிதமென்று நினைத்து, வழக்கப்படி வீட்டுக்குள் கொண்டுவராமல் கூரையில் செருகினாள். நான் வருவதற்குள் மழையில் நனைந்து பேட்டித் தேதியே அழிந்துபோயிருந்தது.

“எந்தக் கரையா இருந்தா உனக்கின்னா? வந்தத கம்பியில குத்து” என்று கத்தினேன். அந்தக் கத்தலை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

மறுபடி ஒரு கறுப்புக் கரை உறை வந்தது. நான் வீடு திரும்பியதும், “பாங்கி காயிதம் வந்துகீது. நனையாம குத்தி வெச்சிகீறேன்” என்று சிரித்தபடி எடுத்து நீட்டினாள். பிரித்தேன். தாய் இறந்துவிட்டதாக அவளுடைய அண்ணன் எழுதியிருந்தான்.

“வேலை ஆயிடுச்சா?” என்றாள்.