அம்மாவைக் கூட்டிக்கொண்டு போன மத்தியானம்

மூன்று வருடங்களுக்கு முன், கத்திரி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த ஒரு மே மாதத்தில், காரைக்காலில் நடந்தது இது.

கல்யாணமாகி நான் பிரான்சுக்குப் போய் இருபத்தாறு வருடங்கள் ஆகிவிட்டன. அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். அவர் போன பிறகு அம்மாவுக்கு அங்கிருந்து பென்ஷன் வருகிறது. அது நிற்காமல் வர வேண்டுமானால் வருடத்துக்கு ஒருமுறை, ஆள் உயிரோடு இருக்கிறார் என்று உள்ளூர் அதிகாரி ஒரு ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். "ஃபாரம் போயிடுச்சாம்மா?" என்று போனில் கேட்பேன். "போயிடுச்சு" என்பாள். எப்படிப் போனது என்று ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை.

அந்த வருடம் லீவில் வந்திருந்தேன். கெடு முடிய நான்கே நாட்கள். நானே முடித்துவிடுகிறேன் என்று ஃபாரத்தை எடுத்துக்கொண்டு காலை பத்து மணிக்கே அந்த அதிகாரியின் அலுவலகத்துக்குப் போய்விட்டேன். வரிசையில் ஒன்றரை மணி நேரம். முதுகில் ரவிக்கை ஒட்டிக்கொண்டது. இருந்த ஒரே ஃபேனும் கிளார்க் பக்கம் திரும்பியிருந்தது. என் முறை வந்தபோது எனக்கு ஏற்கெனவே கோபம் தலைக்கேறியிருந்தது.

நாற்பது வயது மதிக்கத்தக்க அந்தக் கிளார்க், ஃபாரத்திலிருந்த பெயரைப் பார்த்ததும் சிரித்தார். "அம்மா எப்படி இருக்காங்க?" என்றார். அந்தச் சிரிப்பே எனக்குப் பிடிக்கவில்லை.

"நடக்க முடியாது" என்றேன்.

"தெரியுங்க. நீங்க ஃபாரத்த வச்சுட்டுப் போங்க. ஆபீஸ் முடிஞ்சதும் நானே வூட்டுக்கு வர்றேன்."

எனக்குச் சுருக்கென்றது. ஆபீஸ்காரர் எதற்கு வீட்டுக்கு வர வேண்டும்? லஞ்சக் கவரை எதிர்பார்க்கிறார், அதுவும் பிரான்ஸ்காரி என்றால் கனமாக எதிர்பார்க்கிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். அவர் மேற்கொண்டு ஏதோ சொல்ல வந்தார். நான் விடவில்லை.

"வீட்டுக்கெல்லாம் வர வேண்டாம். ரூல்ஸ் என்னவோ அப்படியே செய்யுங்கள்" என்று பின்னால் நிற்பவர்களுக்கெல்லாம் கேட்கும்படி சொன்னேன்.

அவர் முகம் மாறியது. "ரூல்ஸ்னு பாத்தா அவங்க நேர்ல வரணுங்க. இந்த வெயில்ல வேணாம்."

"கூட்டிக்கொண்டு வருகிறேன்" என்று ஃபாரத்தைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தேன். பெரிய வீராங்கனை என்று நினைப்பு.

வீட்டில் அம்மா, "இப்ப எதுக்கு? சாயந்திரம்..." என்று ஆரம்பித்தாள். "பேசாமல் வாம்மா, சாப்பாட்டு நேரத்துக்குள் போக வேண்டும்" என்றேன். சேலை மாற்றிக்கொள்கிறேன் என்றாள். அதற்கும் நேரமில்லை என்றேன். எப்போதாவது வருகிற மகளிடம் அம்மா எதிர்த்துப் பேச மாட்டாள். எண்பத்திரண்டு வயதில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். சீட்டு அடுப்பாகக் கொதித்தது.

அலுவலகத்துக்கு ஐந்து படிகள். ஆட்டோக்காரர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மூன்றாவது படியில் அம்மாவின் கண்கள் செருகின. கால்கள் துவண்டு, அப்படியே என் மேல் சாய்ந்தாள். சேலை நனைந்து படியில் ஈரம் வழிந்தது. அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா போய்விட்டாள் என்றே நினைத்தேன்.

முதலில் ஓடி வந்தவர் அந்தக் கிளார்க்தான். ஆட்டோக்காரரோடு சேர்ந்து தூக்கிப்போய்த் தன் நாற்காலியிலேயே உட்கார வைத்தார். ஃபேனைத் திருப்பினார். அவர் சாப்பாட்டுக்குக் கொண்டுவந்திருந்த மோரில் தண்ணீர் விட்டு, அம்மாவின் உதட்டை நனைத்தார். அலமாரியிலிருந்து ஒரு துண்டை எடுத்து மடியில் போர்த்திவிட்டு, "ஆம்பளைங்க கொஞ்சம் வெளியில நில்லுங்க" என்றார். நான் செய்திருக்க வேண்டியதையெல்லாம் அவர் செய்ய, நான் ஃபாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அம்மா கண் விழித்தாள். அவரைப் பார்த்ததும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"இந்தக் கோலத்துல ஒங்க முன்னாடி வந்துட்டேனே தம்பி."

"எப்பவும் நான்தானே ஒங்க வூட்டுக்கு வருவேன்? இன்னிக்கு நீங்க வந்திருக்கீங்க. மெதுவா மோரக் குடிங்கம்மா" என்றார்.

அப்போதுதான் புரிந்தது. வரிசையில் நின்ற பெண்களும் அம்மாவும் சொன்னார்கள்: ஏழு வருடங்களாக, நடக்க முடியாதவர்கள் வீடுகளுக்கெல்லாம் வேலை முடிந்ததும் தன் வண்டியிலேயே அவர் போய்ப் பார்த்து வருகிறாராம். திருநள்ளாறு ரோட்டில் ஒருவர், பட்டினச்சேரியில் ஒருவர் என்று நிறைய பேர். அதிகாரியிடம் கையெழுத்து வாங்கி, மறுநாள் அவரே கொண்டுபோய்க் கொடுத்தும் விடுவாராம். எங்கள் வீட்டில் ஒரு காபி குடிப்பதோடு சரி.

பத்து நிமிடத்தில் கையெழுத்தான ஃபாரம் என் கைக்கு வந்தது. மன்னிப்புக் கேட்டேன். "நீங்க என்ன நெனச்சீங்கன்னு அப்பவே தெரியுங்கக்கா. எங்களுக்கும் அப்படி ஒரு பேரு இருக்குல்ல. அம்மாவப் பாருங்க" என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டார். திட்டியிருந்தால் தேவலை.

வீட்டுக்கு வந்து அம்மாவைக் குளிப்பாட்டிப் படுக்க வைத்தேன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். "தப்புதாம்மா" என்றேன். சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்:

"நாலு வருசமா நீ வரல. நான் உசிரோட இருக்கேனான்னு அந்தத் தம்பிதான் வருசா வருசம் வந்து பாத்துச்சு."

கோபமாகச் சொல்லவில்லை. இருப்பதைச் சொன்னாள்.

இப்போது எந்த லீவு தள்ளிப்போனாலும் மே மாதம் ஊருக்குப் போய்விடுகிறேன். அவர் வருகிற சாயந்திரம் காபி போட்டுக் கொடுப்பதும் நான்தான். ஆனாலும், அம்மா இருக்கிறாளா என்று பார்த்து அவர் ஃபாரத்தில் குறித்துக்கொள்ளும்போது, அது எனக்கு எதிரான சாட்சி என்றே இன்றைக்கும் தோன்றுகிறது.