றிசீவர் சுற்றிவந்த நேர்முகம்

சண்டை ஓய்ந்திருந்த வருடங்களில், படிப்பை முடித்துவிட்டு எங்கள் ஊரான கரம்பொன்னில் சும்மா இருந்தேன். யாழ்ப்பாண ரவுணில் ஒரு நெட் கபேயில் கிண்டிக் கிளறிக் கண்டுபிடித்ததுதான் அந்த வேலை. ஆஸ்திரேலியாவில் சமையல் புத்தகம் போடுகிற ஒரு பெண்மணிக்கு, அவர் ஸ்கான் பண்ணி அனுப்புகிற கையெழுத்துக் குறிப்புகளை இங்கிருந்தே ரைப் பண்ணி மின்னஞ்சலில் அனுப்பவேண்டும். விண்ணப்பித்தேன். வெள்ளிக்கிழமை காலை போனில் நேர்முகம் என்று பதில் வந்தது. என்ரை காட்டில மழை!

வீட்டில் போன் இல்லை. காசு கொடுத்துப் போன் கதைக்கிற, சந்தியிலிருந்த கொமினிக்கேசன் கடை இலக்கத்தைத்தான் கொடுத்திருந்தேன். வெளிநாட்டுக் கோலுக்குக் காத்திருக்கிற சனத்தால் அந்தக் கடையில் குந்தப் போட்டிருந்த நீள வாங்கு எப்போதும் நிரம்பி வழியும். ஒருவருக்குக் கோல் வந்தால் முழு வாங்குக்கும் வந்த மாதிரி. றிசீவர் கைமாறிக் கைமாறி, எல்லோரும் சுகம் விசாரித்த பிறகுதான் கீழே இறங்கும்.

மணி அடித்ததும் பாய்ந்து எடுத்தேன். எல்லாம் நல்லாய்த்தான் போனது. கடைசியில் அந்தப் பெண்மணி கேட்டார்: முன்பு வேலைக்கு வைத்த ஒருவர் பாதியில் காணாமல் போய்விட்டார், அவசரமென்றால் உன்னை எப்படிப் பிடிப்பது?

பிழையாகச் சொன்னால் வேலை போச்சு. நான் யோசித்த அந்த இடைவெளியில், பக்கத்தில் இருந்த அயல்வீட்டு அக்கா றிசீவரைப் பறித்துவிட்டார். கனடாவில் இருக்கிற என் அண்ணன் என்று நினைப்பு.

“தம்பி, சாப்பிட்டனியோ? அங்கை சரியான குளிரோ?”

“ஐயோ அக்கா, இது இன்டர்வியூ! தாங்கோ!”

“பொறு பிள்ளை, ஒரு வார்த்தை கதைச்சால் குறைஞ்சு போவியோ? இதென்ன பொம்பிளைக் குரலாக் கிடக்கு! கொண்ணன் வெள்ளைக்காரியைக் கட்டிட்டானோ?”

வாங்கு முழுக்கச் சிரிப்பு. அதற்குள் றிசீவர் கடைக்கார அண்ணையிடம் போய்விட்டது. “வெரி குட் கேர்ள், மேடம்!” என்று அவர் தன் பங்குக்குக் கத்தினார்.

என் கைக்குத் திரும்பி வந்தபோது அந்தப் பக்கமும் சிரித்துக்கொண்டிருந்தது. அவர்களெல்லாம் யார் என்று கேட்டார்.

“நீங்கள் எடுக்கும்போது நான் இங்கே இல்லாவிட்டால், சைக்கிளில் வீட்டுக்குப் போய் என்னை இழுத்துக்கொண்டு வருகிற ஆட்கள்” என்றேன் இங்கிலீசில். “நான் காணாமல் போக நினைத்தாலும் இவர்கள் விடமாட்டார்கள்.”

“அப்படியென்றால் திங்கட்கிழமை தொடங்கு” என்றார்.

போனை வைத்துவிட்டு, “வேலை கிடைச்சிட்டுது!” என்று துள்ளினேன்.

“அது நல்லது” என்ற அக்கா, வாங்கின் மறுகோடியைக் காட்டி முறைத்தார். “இவையள் இன்னும் கதைக்கேல்லை. அதுக்குள்ளை ஏன் வைச்சனீ?”