பிள்ளையாருக்கு இரண்டு டின் பசை

எங்கள் நகரில் பிள்ளையாரை ஒட்டிவிட்டார்கள். பிரதிஷ்டை செய்யவில்லை, ஒட்டிவிட்டார்கள். உடைந்த வாளிக்குக் காது ஒட்டுவதுபோல.

நகர் என்று சொல்வது மரியாதைக்கு. செங்கல்பட்டைத் தாண்டி, ஜி.எஸ்.டி. சாலைக்குக் கிழக்கே, ஏரி ஓரமாக மனை போட்டு விற்ற இடம். வீடுகள் அறுபத்திரண்டு. நாற்பத்தொன்றில் என்னைப்போல ஓய்வு பெற்றவர்கள். நான் அரசாங்கப் பண்டகசாலையில் சிமென்ட் மூட்டையும் ஆணிப் பெட்டியும் எண்ணி எண்ணியே தலை நரைத்தவன். மற்றவர்கள் எதை எண்ணினார்களோ தெரியாது. இப்போது எல்லோரும் சங்கத்தில் உறுப்பினர்கள்.

இந்த நகரில் கோயில் வேண்டும் என்று எனக்கு ஆசை வந்ததற்குக் காரணம் பக்தி இல்லை, சாலை. என் மனைவி தினமும் மாலையில் சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பிள்ளையார் கோயிலுக்குப் போவாள். அவளுக்கு முழங்கால் இரண்டும் சரியில்லை. ஒருமுறை ஷேர் ஆட்டோ ஒன்று உரசிப் பூக்கூடை பறந்தது. "ஒண்ணும் ஆகலை" என்றாள். அதிலிருந்து நானும் கூடவே போனேன். இடது கையை உயர்த்திக்கொண்டு நான் முன்னால். என் வலது முழங்கையைப் பிடித்துக்கொண்டு அவள். பாதி சாலை தாண்டியதும் நடுவில் உள்ள அரளிச் செடிகளுக்கு இடையே நிற்போம். லாரிகள் அடிக்கும் காற்றில் வேட்டி பறக்கும். அப்போதும் அவள் நிதானமாக இரண்டு அரளிப் பூ பறிப்பாள். ஆகவே பூங்கா மூலையில் ஒரு பிள்ளையார் கோயில் கட்டலாம் என்று சங்கம் தீர்மானித்தபோது, வாழ்க்கையில் முதல்முறையாக அந்தச் சங்கத்தை எதிர்த்து நான் பேசவில்லை.

பேசியிருக்க வேண்டும். இந்தக் காலத்து ஆட்களுக்கு எதையும் கட்டத் தெரியாது. ஒட்டத்தான் தெரியும். என் வீட்டையே பாருங்கள். அலமாரிப் பலகைமேல் மைக்கா ஒட்டியிருக்கிறான். வெள்ளைப் பசையைத் தடவி, காய்வதற்குமுன் கதவை மாட்டிவிட்டான். மழைக்காலம் வந்தால் மைக்கா நாக்கை நீட்டுகிறது. சமையலறைத் தொட்டியைச் சுற்றி சிலிக்கான் பிதுக்கியிருக்கிறான். அது கறுத்துப்போய்ப் பூசணம் பிடித்திருக்கிறது. சுவரில் ஆணி அடித்தால் கெட்டுவிடும் என்று இரட்டைப் பக்க டேப்பில் கொக்கி ஒட்டினார்கள்; காலண்டரோடு சேர்ந்து கீழே விழுந்தது, கொஞ்சம் சுவரையும் பெயர்த்துக்கொண்டு. செருப்பு அறுந்தால் சொட்டு பசை என்கிறார்கள். செருப்பு ஒட்டுவதற்குமுன் விரல் ஒட்டுகிறது. உறுதியாக நிற்கிற ஒரே ஒட்டு, என் காம்பவுண்டுச் சுவரில் எவனோ மைதாப் பசையைக் காய்ச்சி ஒட்டிவிட்டுப் போன மஞ்சள் நீராட்டு விழா போஸ்டர். அந்தப் பெண்ணுக்குக் கல்யாணமே ஆகியிருக்கும், போஸ்டர் போகவில்லை.

எல்லாவற்றிலும் கேவலம் தரை. டைல் கம் என்கிற பசையைப் பரப்பு முழுவதும் இழுத்து, பல்கரண்டியால் கோடு போட்டு, அதன்மேல் டைலை அழுத்த வேண்டும். எங்கள் மேஸ்திரி அப்படிச் செய்யவில்லை. நான்கு மூலைக்கு நான்கு உருண்டை, நடுவில் ஒன்று. ஐந்து இட்லி வைத்த தட்டுபோல வைத்து, மேலே டைலைப் போட்டு ஓர் அமுக்கு. அடியில் காற்று. குடிவந்ததும் குடைக்காம்பால் தட்டிப் பார்த்தேன். கூடத்தில் நூற்றுத் தொண்ணூற்றாறு டைல்கள். எழுபத்துமூன்று வெற்றுச் சத்தம். மேஸ்திரியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இன்னா சாரு, நீ டைல்ஸ் மேல நடக்கப் போறியா, மேளம் வாசிக்கப் போறியா?" என்றான்.

அதே மேஸ்திரியைத்தான் சங்கம் கோயில் கட்டவும் பிடித்தது. செங்கல்லால் ஒரு மேடை கட்டினான். அதன்மேல் தாமரை இதழ் செதுக்கிய கருங்கல் பீடம் ஒன்றை உட்கார வைத்தான். பீடத்தின்மேல் பிள்ளையார் வர வேண்டும். அவரைக் கொண்டுவர மாமல்லபுரத்துக்கு மினி லாரியில் சங்கச் செயலாளர் போனார். எண்ணிக்கை தவறாமல் இருக்கட்டும் என்று நானும் போனேன். ஒரே ஒரு பிள்ளையார்தான் என்றாலும் இவர்களை நம்ப முடியாது.

செயலாளர் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். கைபேசியில் வீடியோ பார்த்து உலகத்தில் உள்ள எல்லாத் தொழிலையும் கற்றுக்கொண்டவர். திருக்கழுக்குன்றம் வரும்வரை கருங்கல்லைப் பற்றி எனக்குப் பாடம் நடத்தினார். நான் தூங்குவதுபோல நடித்தேன்.

சிற்பக் கொட்டகையில் யானைக்குத் தந்தம் ஒட்டிக்கொண்டிருந்தார் சிற்பி. நாட்டியப் பெண் ஒருத்தியின் விரல் தனியாகக் கிடந்தது, முறை வரட்டும் என்று. இரண்டு டின்னில் இருந்ததைச் சரிபாதி எடுத்துக் குழைத்து, கல்தூளைக் கலந்து, தந்தத்தில் தடவி வைத்தார். காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் ஒட்டே தெரியாதாம்.

"வாங்குறவன்கிட்ட சொல்லுவீங்களா?" என்று கேட்டேன்.

"ஷோ பீஸ்தான சார். ஃபாரினர் எடுத்துனு போறான். நாளைக்கு வுட்டுப்போச்சுன்னா ஏரோப்ளேன்ல வந்து கேக்கப் போறானா?"

"சாமி சிலைக்கும் இப்படித்தானா?"

சிற்பியின் முகம் மாறிவிட்டது. "சாமிக்கு ஒட்டு போடக் கூடாது சார். மூக்கு நுனி பேந்தாக்கூட அது பின்னம். கடல்ல போட்டுட்டு வேற கல்லுதான் எடுக்கணும்."

இதை அவர் சத்தமாகத்தான் சொன்னார். செயலாளர் காதில் விழவில்லை. அவர் அந்த இரண்டு டின்களையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பும்போது ஒரு ஹார்டுவேர் கடையில் லாரியை நிறுத்தி, அதேபோல இரண்டு டின் வாங்கிக்கொண்டார். எதற்கென்று கேட்டேன். வீட்டில் ஏதோ வேலை என்றார்.

வேலை இதுதான். ஏரிக்கு அந்தப் பக்கத்து நகரிலும் கோயில் கட்டிக்கொண்டிருந்தார்கள். திருடிக்கொண்டு வந்து வைக்கிற பிள்ளையாருக்குச் சக்தி அதிகம் என்று நம் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. நம்முடையதைத் தூக்கிவிடுவார்களோ என்று செயலாளருக்குப் பயம். ஏரிக்கரை வேப்ப மரத்தடிப் பிள்ளையார் ஒருவரைத் தூக்கிவரலாம் என்று சங்கக் கூட்டத்தில் முதலில் யோசனை சொன்னவரே அவர்தான் என்பதால், பிறர் மனது அவருக்கு நன்றாகத் தெரியும். மேஸ்திரியையும் நான்கு ஆட்களையும் வைத்துக்கொண்டு, டின் இரண்டையும் குழைத்து, பீடத்தில் பூசி, பிள்ளையாரை உட்காரவைத்துவிட்டார். பிறகு பிள்ளையாரின் தோளைப் பிடித்து உலுக்கும் வீடியோவைச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். 'யானை கட்டி இழுத்தாலும் வராது' என்று கீழே எழுதியிருந்தார். இருபத்தேழு பேர் கட்டைவிரல் போட்டிருந்தார்கள்.

கும்பாபிஷேகத்துக்குப் பத்திரிகை கொடுத்தாகிவிட்டது. குருக்கள் ஒரு செப்புத் தகட்டைப் பட்டுத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். மேடையைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார்.

"ஸ்வாமியை யார் நிறுத்தினது?"

செயலாளர் நெஞ்சை நிமிர்த்தினார்.

"அப்போ இந்த யந்திரத்தை எங்கே வைக்கிறது?" என்று குருக்கள் துணியைப் பிரித்தார். "இது ஸ்வாமிக்கு அடியிலன்னா இருக்கணும். அதுக்கு மேலே அவரை எழுந்தருளப் பண்ணி, அதுக்கப்புறம் சுத்தி அஷ்டபந்தன மருந்து சாத்தணும். அடியிலே யந்திரம் இல்லேன்னா இது வெறும் கல். நான் கும்பாபிஷேகம் பண்ண மாட்டேன்."

 செயலாளர் குனிந்து பீடத்தின் பக்கவாட்டைத் தடவிப் பார்த்தார்.

"பக்கவாட்டுல ஒட்டிடலாமா சாமி? கொஞ்சம் பசை மிச்சம் இருக்கு."

 குருக்கள் தகட்டை மறுபடி துணியில் சுற்றினார்.

அதற்குப்பிறகு நடந்த கோமாளித்தனத்தை விவரமாக எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஒருவர் பஞ்சைப் பெயின்ட் தின்னரில் நனைத்து ஓரத்தில் வைத்தார். ஒருவர் வீட்டில் இருந்து முடி உலர்த்தும் கருவியைக் கொண்டுவந்து பிள்ளையாரின் பாதத்தில் ஊதினார். ஒருவர் ரம்பப் பட்டையை இடுக்கில் நுழைக்கப் பார்த்து, மூன்று பட்டைகளை முறித்தார். கார் ஜாக்கி வந்தது. கடப்பாரை வந்தபோது, கூட்டத்துக்குப் பின்னால் பூக்கூடையோடு நின்றிருந்த என் மனைவி "ஐயோ, வேணாம்" என்றாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

என் பக்கத்தில் வந்து நின்றாள். "உடைச்சிடப் போறாங்க, ஏங்க. ஒடஞ்சா அவ்ளோதான். வேற கல்லு எடுத்து, எப்போ செஞ்சு, எப்போ முடிச்சு... நான் அங்கியே போயிக்கிறேன்."

அங்கே என்றால் சாலைக்கு அந்தப் பக்கம். போன வாரம்தான் அரளிச் செடிகளை ஒடித்துக்கொண்டு ஒரு கார் நடுவில் ஏறி நின்றிருந்தது, நாங்கள் வழக்கமாக நிற்கிற அதே இடத்தில். அதை அவளும் பார்த்தாள். 

செயலாளர் சிற்பிக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தார்.

"சூடு காட்டினா வுடும் சார்," என்றது குரல். "ஆனா கல்லு வெடிச்சாலும் வெடிக்கும். நான் கேரண்டி தர மாட்டேன்."

முதல் வாக்கியத்தை மட்டும் கேட்டுக்கொண்டு செயலாளர் வெல்டிங் கடைக்கு ஆள் அனுப்பினார். கேஸ் சிலிண்டரும் தீக்குழலும் வந்து இறங்கின. பற்ற வைத்தார்கள். நீலமாகச் சீறியது. பிள்ளையாரின் தும்பிக்கை நுனி அதற்கு ஒரு முழ தூரத்தில் இருந்தது.

மேஸ்திரியின் முகம் என் கண்ணில் பட்டது. பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், மேடைமேல் இருந்த கல் பீடத்தைக் கையில் இருந்த குடையின் காம்பால் தட்டினேன். நான்கு பக்கமும் தட்டினேன். என் கூடத்துத் தரையின் அதே சத்தம்.

"அதை அணைங்க," என்றேன். "மேஸ்திரி, பீடத்தை மேடையில எதை வச்சு ஒட்டினே?"

"டைல் கம்முதான் சாரு."

"எத்தனை உருண்டை?"

"இன்னா சாரு, கோயில் வேலைல போயி... நெறையதான் வச்சேன்."

"அஞ்சா?"

பீடியைப் பின்னால் மறைத்துக்கொண்டான். "அம்மாம் வெயிட்டு. தானே குந்திகினு கீதேன்னு..."

"அஞ்சா இல்லையா?"

"அஞ்சுதான்."

குருக்களிடம் திரும்பினேன். பிள்ளையாரைப் பீடத்தோடு சேர்த்துத் தூக்கிவிட்டால், யந்திரத்தைப் பீடத்துக்கு அடியில் வைக்கலாமா என்று கேட்டேன். அவர் யோசித்தார். அவருக்கும் பத்திரிகையில் பெயர் போட்டாகிவிட்டது. "பீடத்தோட எடுக்க முடியும்னா பேஷா வைக்கலாம்" என்றார்.

சாக்கைச் சுருட்டி இடுக்கில் வைத்து, இரண்டு பக்கமும் கடப்பாரையை மெதுவாக நெம்பினார்கள். சப்பென்று ஒரு சத்தம். பீடம் பிள்ளையாரோடு கிளம்பி வந்துவிட்டது. மேடையில் ஐந்து உருண்டைகள், காய்ந்த வறட்டி மாதிரி. அவற்றில் இரண்டு பீடத்தைத் தொட்டிருக்கவே இல்லை. பிள்ளையாரின் உடம்பில் ஒரு கீறல் கிடையாது. என் மனைவி கூடையைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மேஸ்திரி என்னிடம் வந்தான். "பாத்தியா சாரு, நம்ம வேலை எப்பிடி கைகுடுத்துச்சு!"

இப்போது அவன் அதைத் தன் முன்யோசனை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான். செயலாளர் அன்றைக்கே குழுவில் 'தொழில்நுட்பச் சிக்கல் கூட்டு முயற்சியால் தீர்ந்தது' என்று போட்டார். அதற்கும் கட்டைவிரல்கள் விழுந்தன. ஒரு முட்டாள் சரியாக ஒட்டினான், ஒரு திருடன் சரியாக ஒட்டவில்லை, அதனால் சாமி பிழைத்தது. இதில் கூட்டு முயற்சி எங்கே இருக்கிறது?

அஷ்டபந்தனம் இடித்ததையும் பார்த்தேன். கொம்பரக்கு, சுக்கான் தூள், குங்கிலியம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என்று எட்டுப் பொருள். உரலில் போட்டு உலக்கையால் இடித்துக்கொண்டே இருந்தால்தான் பதம் வரும். நகரே வரிசையில் நின்றது. ஐம்பத்தெட்டு பேர் உலக்கையைப் பிடித்தார்கள். போட்டோ எடுத்து முடிந்ததும் இடிக்காமலே கீழே வைத்துவிட்டுப் போனவர்கள் முப்பத்தொன்பது பேர். மீதிப் பேர் நாலைந்து இடியோடு நிறுத்திக்கொண்டார்கள்; என் மனைவி மட்டும் வைக்கவில்லை. குருக்கள் "போதும்மா" என்று சொல்லும்வரை இடித்தாள். பிறகு யந்திரத்தை அடியில் வைத்துப் பீடத்தை இறக்கி, இடித்ததைக் கயிறுபோல உருட்டிச் சுற்றிலும் அமுக்கினார்கள். அதுவும் பசைதான். பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை எடுத்துவிட்டுப் புதிதாகச் சாத்துவார்களாம். எடுக்க முடிகிற பசை என்பதால் அதன்மேல் மட்டும் எனக்குக் குறை இல்லை.

இப்போது அவள் மாலையில் தனியாகவே கோயிலுக்குப் போய்விடுகிறாள். நான் செருப்பைத் தேடினால், "நீங்க எதுக்குங்க, இதோ நாலு வூடு தாண்டினா கோயிலு" என்கிறாள். முதல் வாரம் நிம்மதியாகத்தான் இருந்தது. அடுத்த வாரம் சொன்னாள், நகரில் ஒரு வீட்டிலும் அரளி இல்லையாம். எல்லோரும் தொட்டியில் பிளாஸ்டிக் புல் ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

ஆகவே மாலையில் இடது கையை உயர்த்திக்கொண்டு பாதி சாலையை நான் மட்டும் கடக்கிறேன். வலது முழங்கை, யாரும் பிடிக்காவிட்டாலும், கொஞ்சம் விலகியேதான் நிற்கிறது. லாரிகளுக்கு நடுவில் நின்று இரண்டு பூவைப் பறித்துக்கொண்டு திரும்புகிறேன். வாசலில் நின்று அவள் கேட்பது ஒன்றுதான்.

"ரெண்டுதான் கெடைச்சுதா?"