காலிக் குடம்போல் ஒரு தூண்

தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸின் பழைய மாதா கோவிலில் வளைவுகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தோளில் துண்டோடு ஒரு பெரியவர், தூண் தூணாக விரல்முட்டியால் தட்டி, காது வைத்துக் கேட்டபடி வந்தார்.

"மார்பிள் தூண் அழகா இருக்குதுங்க" என்றேன்.

"மார்பிளா? நல்ல கருங்கல்லு மேல டைல்ஸ் ஒட்டிக்கீறானுங்க. கேளுங்க."

தட்டினார். காலிக் குடம்போல் ஒலித்தது.

"மைன்ல வேல செஞ்சவன் நான். அடியில பாறை இப்டி சத்தம் குடுத்தா, எல்லாரையும் இஸ்துகினு ஓடுவோம். இங்க இன்னாடான்னா அதுக்குக் கீழயே முட்டி போட சொல்றானுங்க."

அழகென்று சொன்ன என்மீதே எனக்கு ஆத்திரம் வந்தது.

பூசை மணி அடித்தது. பெரியவர், இன்னும் டைல்ஸ் ஏறாத கடைசித் தூணில் முதுகைச் சாய்த்து, கைகட்டி நின்றார், இதையும் தொட வரட்டும் பார்க்கலாம் என்பதுபோல.

இப்போது எந்தக் கோவிலுக்குப் போனாலும், மண்டியிடுமுன் என் விரல் தூணைத் தட்டிப் பார்க்கிறது.