மஞ்சள் கோட்டுக்காரரின் மூன்று பாயிண்ட்

ட்ரெமெலின் கிராமத்தில் ஹெட்லி ட்ரெவினை முகத்தால் தெரிந்தவர்களைவிட மஞ்சள் கோட்டால் தெரிந்தவர்கள்தான் அதிகம். பள்ளிக்கூடத்துக் கதவைத் திறந்து பூட்டி, பெருக்கி, பழுது பார்த்து ஓய்வு பெற்ற மனிதர். சும்மா இருக்கத் தெரியாதவர். செவ்வாய்க்கிழமை தோறும் காலையில் பழைய கூட்டாளி கிளெமைச் சேர்த்துக்கொண்டு, தேவாலய வளைவில் போலீஸ் அனுமதித்த தொண்டராக, மஞ்சள் கோட்டும் வேகம் பார்க்கும் கருவியுமாக நின்றுவிடுவார். மணிக்கு முப்பது மைலுக்கு மேல் போகிற வண்டியின் எண்ணைக் குறித்துப் போலீசுக்கு அனுப்புவார்கள். அங்கிருந்து வண்டிக்காரருக்கு எச்சரிக்கைக் கடிதம் போகும், அவ்வளவுதான். அபராதம் கிடையாது, லைசென்சில் குற்றக் கணக்காக ஏறுகிற பாயிண்டும் கிடையாது. அந்தக் குறையை ஹெட்லி தன் வாயாலேயே தீர்த்துவைப்பார். யார் மாட்டினார்கள் என்று ஊர்க் கடையில் பால் வாங்கும்போது சொல்லிவிடுவார். வெளியே சொல்லக்கூடாது என்று விதி இருக்கிறது. ஆனால் விதியெல்லாம் அடுத்தவர்களுக்கு என்று நினைக்கிற ஆசாமிகள் எல்லா ஊரிலும் உண்டு.

போன குளிர்காலத்தில் கெரென்சா மாட்டினாள். கணவன் இல்லாமல் ஒற்றைப் பையனை வளர்க்கிறவள். கடிதம் வந்த அன்று நேராக ஹெட்லியின் வாசலுக்கே வந்துவிட்டாள்.

"பையனுக்குக் காய்ச்சல் மிஸ்டர் ட்ரெவின். டாக்டர்கிட்ட ஓடிட்டிருந்தேன்."

"காரணம் எல்லார்கிட்டயும் இருக்கும்மா. வளைவுல நிக்கிற குழந்தைக்கு உன் காரணம் தெரியுமா?"

பேச்சில் நியாயம் இருந்ததை மறுக்க முடியாது. அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. மறுநாள் கடையில் ரொட்டி அலமாரிக்குப் பக்கத்தில் நின்று நாலைந்து பேருக்கு அவள் பேசியதை நடித்தே காட்டினார். அந்த வாரமே கெரென்சாவுக்கு 'ரேஸ்காரி' என்று பெயர் விழுந்தது.

வசந்தத்தில் ஹெட்லியே மாட்டினார். அவரைக் கிளெம் பிடிக்கவில்லை, அசல் போலீஸ் பிடித்தது. பீன்ஸ் நாற்று வாங்கப் போன இடத்தில் பேச்சு வளர்ந்து நேரமாகிவிட்டது. திரும்பும்போது பக்கத்து ஊர் எல்லையில் கேமரா வேன் நின்றிருந்தது. முப்பதில் போக வேண்டிய இடத்தில் முப்பத்தெட்டு. அப்படி என்ன அவசரம்? வேகம் பார்க்கப் போகிற அவசரம். மஞ்சள் கோட்டைக்கூட மாட்டிக்கொண்டுதான் ஓட்டினார்.

போலீஸ் அவருக்கு ஒரு வழி விட்டது. வேகத்தின் ஆபத்தைச் சொல்லித் தருகிற வகுப்பில் உட்கார்ந்தால் பாயிண்ட் ஏறாது. ஆனால் அந்த வகுப்பு கம்ப்யூட்டரில் நடப்பது. திரையில் எல்லோரும் முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார வேண்டும். அதில் ஒரு முகம் நம் ஊர் முகமாக இருந்துவிட்டால்? நினைத்ததுமே வியர்த்துவிட்டது அவருக்கு. வகுப்பே வேண்டாம் என்று சொல்லி அபராதத்தைக் கட்டி, மூன்று பாயிண்டை லைசென்சில் ஏற்றிக்கொண்டார். மனைவி ரொவினாவுக்குக்கூடத் தெரியாது. தான் பெரிய கெட்டிக்காரர் என்று நினைப்பு.

பாயிண்ட் ஏறினால் கார் இன்சூரன்ஸ்காரரிடம் சொல்லியாக வேண்டும் என்பது அப்போது அவர் மூளைக்கு எட்டவில்லை. அவருடைய இன்சூரன்சைப் பார்த்துக்கொள்வது பக்கத்து டவுனில் இரண்டு மேஜையும் ஒரு டீ கெட்டிலும் உள்ள சின்ன அலுவலகம். ஒரு மேஜையில் வயதான மேவிஸ். இன்னொன்றில் கெரென்சா.

ஜூனில் புதுப்பிக்கப் போனார். கெரென்சா சிரித்த முகமாகவே பேசினாள்.

"அஞ்சு வருஷத்துல ஏதாவது பாயிண்ட் உண்டா? கேக்கணும்னு இருக்கு, அதான் கேக்கிறேன். உங்களைப் போய்க் கேக்கிறதே பாவம்."

"இவருக்குப் பாயிண்டா?" மேவிஸ் அங்கிருந்தே சிரித்தாள். "சர்ச் மணிக்கூண்டுக்குப் பாயிண்ட் போட்ட மாதிரிதான்."

ஹெட்லியும் சிரித்தார். "இல்லைம்மா," என்றார்.

எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது அந்த வார்த்தை! தெருவில் இறங்கிய பிறகுதான் காது மடல் சுட்டது. பொய் சொன்னதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டதற்காக அவள் வருத்தப்பட்டாளே, அதை நினைத்தால்தான் உடம்பு கூசியது.

அந்தக் காரை ரொவினாவும் ஓட்டுவாள். வியாழக்கிழமைகளில் தங்கையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது அவள்தான். இரண்டு வியாழன் ஹெட்லி ஜன்னலோரம் நின்று வண்டி போவதைப் பார்த்தார். ஏதாவது ஒன்று நடந்து, பொய் சொல்லி எடுத்த இன்சூரன்ஸ் என்று கம்பெனி கையை விரித்துவிட்டால்? சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பார். அப்புறம் டீயைக் குடித்து மூடிக்கொள்வார். மூன்றாவது வியாழன் ரொவினா முகம் வெளுத்துத் திரும்பி வந்தாள்.

"சந்துல எதிர்ல டிராக்டர் வந்துட்டான். வேலியோட வச்சு நசுக்கியிருப்பான், தெரியுமா? நல்லவேளை, பக்கக் கண்ணாடியோட போச்சு." நாற்காலியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள். "போனா என்ன, இன்சூரன்ஸ் எதுக்கு இருக்கு?"

ஹெட்லி ஜன்னல் வழியே வண்டியின் உடைந்த கண்ணாடியைப் பார்த்தார். அதை விட்டு அவர் கண் நகரவில்லை.

மறுநாள் காலை, கதவு திறக்கும் முன்பே அந்த அலுவலகத்து வாசலில் நின்றார்.

"அன்னிக்கு நான் சொன்னது பொய்ம்மா. பாயிண்ட் இருக்கு. மூணு."

மேவிஸின் டீ ஸ்பூன் நின்றுவிட்டது. கெரென்சா பேனாவை எடுத்தாள்.

"எவ்வளவு வேகம்?"

"முப்பத்தெட்டு."

"எங்க போயிட்டிருந்தீங்க?"

அதை இன்சூரன்ஸ் கம்பெனி கேட்கவில்லை, அவள்தான் கேட்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது. "தேவாலய வளைவுக்கு. கிளெம் காத்திட்டிருந்தான்."

கெரென்சாவின் உதடு துடித்தது. சிரிக்கட்டும் என்று ஹெட்லி தலையைக் குனிந்து காத்திருந்தார். அந்தச் சிரிப்பை அவர்தானே சம்பாதித்து வைத்திருந்தார். அவள் சிரிக்கவில்லை.

"கட்டணம் கொஞ்சம் கூடும். முன்னாடியே வந்திருந்தா நல்லா இருந்திருக்கும். இப்பவும் நீங்களா வந்து சொல்லிட்டீங்க, சரி பண்ணிடலாம்." கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "பயப்படாதீங்க. இந்த மேஜையில பேசினது இந்த மேஜையோட போயிடும். ஊருக்குள்ள வராது."

அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

"உன் விஷயத்தைக் கடையில சொன்னது நான்தான்," என்றார்.

"தெரியும். பள்ளிக்கூடத்துல என் பையனை இன்னமும் ரேஸ்காரி மகன்னுதான் கூப்பிடுறாங்க." தட்டிக்கொண்டே சொன்னாள், குரலில் கோபம்கூட இல்லை. "டீ குடிக்கிறீங்களா?"

அவள் நீட்டிய கோப்பையை வாங்கிக்கொண்டார். அந்த டீயைக் குடித்து முடிப்பதற்குள் கூனிக்குறுகிப் போனார்.

மாலையில் ரொவினாவிடம் சொன்னார். அவள் உருளைக்கிழங்கு சீவுவதை நிறுத்தவில்லை.

"பாயிண்ட் வாங்கினியே, அது போகட்டும். யாருதான் வாங்கலை? எல்லாம் தெரிஞ்சும் என்னை அந்த வண்டியில அனுப்பினியே ஹெட்லி. ஜன்னல்ல நின்னு கையை வேற ஆட்டினே."

சீவிய கிழங்கைச் சட்டியில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை வந்தது. வளைவில் கிளெம் கருவியைப் பிடித்திருந்தான். கெரென்சாவின் சிவப்பு வண்டி வந்தது. பின்சீட்டில் பையன். இருபத்தெட்டு என்று காட்டியது கருவி. கடந்து போகும்போது, வழக்கப்படி, ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி இவர்களுக்கு வணக்கம் சொன்னாள்.

"பாருடா, ரேஸ்காரி எப்படி ஊர்ந்து போறாள்னு!" கிளெம் சிரித்துக் குலுங்கினான். "எல்லாம் உன் வைத்தியம்தான்."

"கிளெம், எனக்கு லைசென்சுல மூணு பாயிண்ட். இங்க வர்ற அவசரத்துல முப்பத்தெட்டுல போனேன்."

கிளெம் அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான். "அடேயப்பா, மூஞ்சியை இப்படி வச்சுக்கிட்டே ஜோக் அடிக்கிறியே! இதைக் கடையில போய்ச் சொல்லு, வயிறு வலிக்கச் சிரிப்பாங்க."

ஹெட்லி மஞ்சள் கோட்டைக் கழற்றி, மடித்து, கிளெமின் கையில் கொடுத்துவிட்டு நடந்தார்.

கடையில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். கெரென்சாவைப் பற்றிச் சொன்ன அன்று எத்தனை பேர் இருந்தார்களோ அத்தனை பேராவது சேரட்டும் என்று, ஹெட்லி ரொட்டி அலமாரிக்குப் பக்கத்தில் போய்க் காத்து நின்றார்.