இறைச்சி இல்லாத ஹகிஸ்

2006ஆம் ஆண்டு, புரட்டாசிச் சனிக்கிழமை ஒன்றின் மதியம். கோலியர்ஸ் வுட்டில் இருந்து லண்டன் நடுப்பகுதிக்கு நானும் கணவரும் ஏழு வயது மகளும் ரயிலில் போனோம். கணவரோடு வேலை செய்யும் ஸ்கொட்லாந்துக்காரர் ஒருவர், தங்கள் ஊர்ச் சாப்பாட்டை ஒருமுறையாவது ருசித்துப் பார்க்கச் சொல்லி ஒரு உணவகத்தைக் காட்டிவிட்டிருந்தார்.

அங்கே பெயர்போனது ஹகிஸ். ஆட்டின் ஈரல், இதயம், நுரையீரல் எல்லாவற்றையும் கொத்தி, ஓட்ஸும் மிளகும் சேர்த்து அவிப்பது. எனக்குக் கேட்கவே ஒரு மாதிரி இருந்தது. கணவரோ ஒரு வாய் வைத்ததுமே, "இஞ்சரும், எங்கட மட்டன் ரோல்ஸுக்குள்ள வைக்கிற கறி மாதிரியே இருக்கு" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

புரட்டாசிச் சனியில் நான் மச்சமாமிசம் தொடுவதில்லை. நல்லவேளை, மரக்கறி ஹகிஸும் இருந்தது. இறைச்சி இல்லைத்தானே என்று பரிமாற வந்த பெண்ணிடம் இரண்டு தரம் கேட்டேன். இல்லவே இல்லை என்றாள். பிள்ளைக்கும் அந்த நுரையீரல் வேண்டாம் என்று என் தட்டில் இருந்தே ஊட்டினேன். மகளுக்குக் கச்சான் கடலை, கஜு, பாதாம் என்று கொட்டை வகை எதுவுமே ஆகாது. சிறு துண்டு போனாலும் தொண்டை வீங்கிவிடும். ஆனால் அதைப் பற்றிக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. "இன்னும் தாங்கோ அம்மா" என்று அவள் ஆசையாக வாங்கிச் சாப்பிட்டாள்.

ஐந்து நிமிடம்கூட இருக்காது. கழுத்தைச் சொறியத் தொடங்கினாள். உதடு தடித்தது.

"அம்மா, தொண்டை இறுக்குது."

மூச்சு விசில் போலக் கேட்டது. சமையலறைக்கு ஓடிப்போய் வந்த பெண்ணின் முகம் வெளிறியிருந்தது. இறைச்சிக்குப் பதிலாகக் கஜுவையும் கச்சானையும் அரைத்துப் போட்டிருக்கிறார்களாம்.

கைப்பையை மேசையில் கொட்டினேன். சீப்பு, வீட்டுத் திறப்புக் கொத்து, ரயில் டிக்கெட். இப்படி ஆனால் உடனே போடவேண்டிய அவளுடைய அட்ரினலின் ஊசி இல்லை. உடுப்புக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று வீட்டில் பையை மாற்றி எடுத்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

யாரோ ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்கள். அடுத்த மேசையில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த வயதான வெள்ளைக்காரர் எழுந்து வந்து, கோட்டுப் பைக்குள் இருந்து அதேபோன்ற ஊசியை எடுத்தார். குளவி குத்தினால் தனக்கு ஆகாதாம், அதற்காக வைத்திருக்கிறாராம். "பெரியவர்களுக்கான அளவு. ஆனால் இவளால் காத்திருக்க முடியாது. நான் போடட்டுமா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

கணவர் என் கையைப் பிடித்தார். "ஆரெண்டே தெரியாத ஆள். அளவு கூடி ஏதும் நடந்திட்டா? ஆம்புலன்ஸ் வரட்டும்."

"உதட்டைப் பாருங்கோ, நீலமாகுது. இனிப் பாத்துக்கொண்டிருக்க ஏலாது" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. பிறகு அந்த மனிதரைப் பார்த்துத் தலையசைத்தேன்.

மகளின் காலை நான் இறுக்கிப் பிடிக்க, அவர் தொடையில் ஊசியை அழுத்தினார். அந்தச் சில நிமிடங்களில் எந்தத் தெய்வத்தின் பெயரும் என் வாயில் வரவில்லை. அவள் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று இருமினாள். பிறகு பெரிதாக அழுதாள். நானும் அழுதேன்.

ஆம்புலன்ஸில் ஏற்றும்போது அந்த வயதானவர் கழுத்தில் செருகிய சாப்பாட்டுத் துண்டோடு வாசலில் நின்றார். பெயர்கூடக் கேட்கவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரியில் இருந்து பிள்ளையோடு வீடு திரும்பியபின், கணவர் அவரைத் தேடி அந்த உணவகத்துக்குப் போனார். அவரை அங்கே யாருக்கும் தெரியவில்லை.

நான் பயந்த சாப்பாடு அவளை ஒன்றும் செய்திருக்காது. பயப்படாததைத்தான் விசாரிக்காமல் என் கையாலேயே ஊட்டினேன். மகள் இப்போது என்னைவிட உயரம். ஆனாலும் வெளியே சாப்பிட உட்கார்ந்தால், மேசையில் யார் என்ன பேசினாலும் என் காது அவளுடைய மூச்சைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது.